கல்லச்சு முதல் காலண்டர் வரை

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தமிழ்த்துறை நடத்தவிருந்த கருத்தரங்கிற்கு அழைப்பிதழ் அச்சிட முனைந்தோம். தேவை 300 படிகள். பல வண்ண ஆப்செட்டில் 300 படிகளுக்கும் 1000 படிகளுக்கும் கட்டணத்தில் பெரிய வேறுபாடு இல்லை என்று அறிந்ததும், ஆயிரமாகவே அடித்துத் தரச் சொன்னோம். அடுத்த வாரமே கருத்தரங்க நாள் மாறிற்று. ஆயிரம் அழைப்பிதழும் வீண். பிழை அச்சகத்தாருடையதன்று, எந்த வேலைக்கு எந்த அச்சு முறை என்று எண்ணிப் பார்க்காத எங்களுடையதே.

விளம்பரத் தாள், பொருட்சீட்டு, நாட்காட்டி என வணிகர் அச்சிடும் ஒவ்வொன்றிலும் இக்கேள்வி உண்டு. அச்சு வரலாற்றைப் புரட்டினால், புதிய முறைகள் தோன்றியதற்கும் நிலைத்ததற்கும் பின்னே இக்கணக்கே இருப்பதைக் காண்கிறோம்.

கல்லில் பிறந்த அச்சு

கல்லச்சைக் கண்டறிந்த அலோய்ஸ் செனபெல்டர் ஒரு நாடக ஆசிரியர். தம் நாடகங்களைப் பதிப்பிக்கப் பொருள் வசதியில்லாமையால், செலவு குறைந்த வழியொன்றைத் தாமே தேடினார். 1796இல் ஒரு நாள் சலவைக்குப் போட்ட துணிகளின் கணக்கை எழுதக் கையருகில் தாள் இல்லாமற்போக, மெருகிட்ட சுண்ணாம்புக் கல்லின் மீது மெழுகு மையால் எழுதி வைத்தார் என்று அவரே பின்னாளில் கூறியுள்ளார். அங்கிருந்து தொடங்கிய சோதனைகள் 1798 அளவில் முழுமை பெற்றன. எண்ணெய்ப் பசையும் நீரும் ஒட்டா என்பதே அதன் அடிப்படை. கல்லில் பசைமையால் வரைந்து, கல்லை நீரால் நனைத்து, அச்சு மை தடவினால், வரைந்த இடம் மட்டும் மையை ஏற்கும். ஈரமான இடம் விலக்கும்.

வணிகருக்கு இது பெரும் வரமாயிற்று. எழுத்துகளைக் கோத்து அடிக்கும் முறையில் ஒரு படம் வேண்டுமெனில் அதற்கெனத் தனியே அச்சுக்கட்டை செதுக்க வேண்டும். கல்லச்சிலோ எழுத்தையும் படத்தையும் ஒரே கை ஒரே கல்லில் வரையலாம். வண்ணத்துக்கு ஒரு கல் என்று அமைத்தால் பல வண்ணப் படமும் கிட்டும். பிரான்சில் எங்கெல்மான் என்பார் 1837இல் இவ்வண்ணக் கல்லச்சுக்குக் காப்புரிமை பெற்றார். நம் நாட்டில் இரவிவர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம், அவருடைய ஓவியங்களை இம்முறையில் அச்சிட்டு எளியோர் இல்லங்களிலும் சேர்த்தது.

தவறிய தாள்

கல் கனமானது, விரைந்து சுழலாது. எனவே உலோகத் தகடு அதன் இடத்தைப் பிடித்தது. 1904ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஐரா ரூபெல் என்னும் அச்சகத்தார் ஒன்றைக் கவனித்தார். இயந்திரத்துள் ஒரு தாள் செல்லத் தவறியபோது, மை தாளுக்கு அடியிலிருந்த ரப்பர் உருளையில் பதிந்தது. அடுத்த தாளின் பின்புறத்தில் அந்த ரப்பரிலிருந்து விழுந்த பதிவு, தகட்டிலிருந்து நேரே விழுந்ததைவிடத் தெளிவாக இருந்தது! தகட்டிலிருந்து ரப்பருக்கும், ரப்பரிலிருந்து தாளுக்கும் உருவை மாற்றும் ஆப்செட் முறை இவ்வாறு தாள் அச்சுக்கு வந்தது. ரப்பர் தாளின் மேடுபள்ளத்துக்கு இசைந்து கொடுப்பதால் மலிவான தாளிலும் படம் நன்கு விழும். ஆனால் தகடு செய்யவும் இயந்திரத்தை ஆயத்தம் செய்யவும் ஆகும் செலவு, ஒரு படி அடித்தாலும் ஒன்றுதான், ஓர் இலட்சம் அடித்தாலும் ஒன்றுதான். எண்ணிக்கை கூடக்கூடப் படியொன்றின் விலை இறங்கும்.

சிவகாசியின் விடை

இக்கணக்கைத் தமிழகத்தில் நன்குணர்ந்த ஊர் சிவகாசி. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்றுவந்து 1923இல் அங்கே தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். தீப்பெட்டிக்குச் சீட்டு வேண்டும். எழுத்தறியாதவர் படத்தைச் சொல்லியே பெட்டியைக் கேட்டு வாங்கிய காலம் அது. படம் மாறினால் வாணிகம் போயிற்று. ஒரே படம், பல வண்ணம், இலட்சக்கணக்கில் படிகள், மலிவான தாள்! இத்தேவைக்குக் கல்லச்சும் பின்னர் ஆப்செட்டும் பொருந்தின. ஒரு பெரிய தாளில் பல சீட்டுகளை வரிசையாக அடித்து வெட்டிக்கொள்ளலாம்.

அடுத்து வந்த நாட்காட்டியில் சிக்கல் வேறு. இருநூறு காலண்டர் மட்டும் கேட்கும் மளிகைக் கடைக்காரருக்குத் தனியே பல வண்ணப் படம் அடித்துத் தந்தால் விலை கட்டாது. ஆகவே தெய்வப் படங்களை, கோவில்பட்டி கொண்டையராஜு போன்றோர் வரைந்தவற்றை, பெருந்தொகையாக முன்னரே அச்சிட்டு வைத்தனர். படத்தின் கீழே வெற்றிடம் விட்டனர். கடையின் பெயரும் முகவரியும் அவ்விடத்தில் பின்னர்த் தனியே ஏறின. ஆடிப்பெருக்கன்று வெளியிடப்படும் மாதிரி ஆல்பங்களைச் சுமந்துகொண்டு முகவர்கள் ஊர் ஊராகச் சென்று ஆணை பெறும் வழக்கமும் இதனால் உருவாயிற்று. பொதுவான பகுதிக்கு ஓர் அச்சு, தனித்த பகுதிக்கு வேறோர் அச்சு எனப் பிரித்ததால், சிற்றூர்க் கடைக்காரரும் தம் பெயரைப் பல வண்ணப் படத்தின் கீழ்க் காண முடிந்தது.

இன்றைய தெரிவு

1993இல் இண்டிகோ போன்ற டிஜிட்டல் வண்ண அச்சு இயந்திரங்கள் அறிமுகமாயின. இவற்றுக்குத் தகடு வேண்டா. ஒவ்வொரு படியிலும் பெயரை மாற்றலாம். ஆனால் எண்ணிக்கை உயர்ந்தாலும் படியொன்றின் விலை ஆப்செட்டைப் போல் இறங்குவதில்லை. துணிப்பைக்கோ தடிப்பான மை வேண்டும் வேலைக்கோ இன்றும் ஸ்கிரீன் பிரிண்டிங்கையே நாடுகிறோம்.

ஆகவே அச்சகத்துள் நுழையுமுன் மூன்றை வினவிக்கொள்வது நன்று. எத்தனை படிகள்? எதன் மேல் அடிக்கப் போகிறோம்? எந்தப் பகுதி மாறும், எது மாறாது? மூன்றாவதைத்தான் நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

எங்கள் துறையில் இப்போது அழைப்பிதழின் மேலட்டையைச் சில ஆண்டுகளுக்குச் சேர்த்து ஆப்செட்டில் அடித்து வைத்துள்ளோம். நாளும் பேச்சாளர் பெயரும் அடங்கிய உள்தாளை மட்டும் நிகழ்ச்சிக்கு முதல் வாரத்தில், வேண்டிய அளவுக்கு டிஜிட்டலில் எடுத்துக்கொள்கிறோம். காலண்டர் முகவரின் ஆல்பத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான்.