கம்பளி நெடுங்காலுறை

கம்பளி நெடுங்காலுறை என்பது பாதம் முதல் முழங்காலின் கீழ்வரை காலைத் தழுவி நிற்குமாறு ஆட்டு ரோம நூலால் பின்னப்பட்டு, மேல்விளிம்பு புறமாக மடித்துவிடப்படும் உடையாகும். முந்தைய வழக்கில் இதனை மேஜோடு என்றனர். இக்காலத்தார் ஸ்டாக்கிங்ஸ் என்பர். ஸ்காட்லாந்து தேசத்து ஆடவர் இடையில் சுற்றி அணியும் கில்ட் என்னும் மடிப்பாடை முழங்காலின் நடுவோடு முடிந்துவிடுவதால், அதற்குக் கீழுள்ள காலைக் குளிரினின்று காப்பதும் பார்வைக்கு இலட்சணமாக்குவதும் ஒருங்கே இவ்வுறையின் கடமையாயின. போடிநாயக்கனூரிலிருந்து ஏலமலைக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறுகிறவர் நிலையும் இதுவே ஆதலின், ஸ்காட்லாந்து மலைநாட்டார் நெடுங்கால அநுபவத்தால் வகுத்த காலுறை இலக்கணம் இச்சரிவுகளில் நடப்போருக்கும் பெரிதும் பயன்படத்தக்கது.

வரலாறு

ஸ்காட்லாந்தின் மேட்டுநிலத்தார் ஆதியில் அணிந்த காலுறை பின்னியதன்று. டார்ட்டன் என்னும் கட்டமிட்ட கம்பளித் துணியை மூலைவாட்டில் வெட்டி, காலின் பின்புறம் தையலிட்டு அமைத்ததாகும். மூலைவாட்டில் வெட்டிய துணி சற்றே நெகிழ்ந்துகொடுக்கும் என்பதே அம்முறையின் இரகசியம். 1589இல் வில்லியம் லீ என்னும் ஆங்கிலப் பாதிரியார் காலுறை பின்னும் பொறியை இயற்றினார். காலப்போக்கில் மேட்டுநில உடையிலும் துணியுறைக்குப் பதிலாகப் பின்னலுறை நிலைபெற்றபோது, பழைய துணியின் கட்டங்களைப் பின்னலிலேயே கொண்டுவரும் நுட்பமும் உடன் வளர்ந்தது.

1745–46ஆம் ஆண்டுகளின் ஜாகோபைட் கலகம் அடங்கியபின், பிரிட்டிஷ் பாராளுமன்றம் மேட்டுநில உடையைச் சட்டத்தால் தடுத்தது. 1782 வரை நீடித்த அத்தடை படைவீரரை மட்டும் கட்டுப்படுத்தவில்லை. தடை நீங்குமுன்னரே, 1780இல், மக்ளவுட் ஹைலாண்டர்ஸ் எனப்பட்ட 73ஆம் ரெஜிமென்ட் சென்னையில் வந்திறங்கியது. அதன் ஒரு பகுதி அவ்வாண்டு செப்டம்பர் 10ஆம் தேதி காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் மைசூர்ச் சேனையோடு பொருது முறியடிக்கப்பட்டது. தமிழகத்தில் குடியேறிய ஸ்காட்லாந்தினர் வழிபட 1821இல் எழும்பூரில் எழுந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் இரு நாட்டு உறவின் நிலைத்த சின்னமாகும். போடிக்கு மேற்கிலுள்ள மூணாறுத் தேயிலைத் தோட்டங்களை வளர்த்த ஜேம்ஸ் பின்லே கம்பெனியும் கிளாஸ்கோ நகரத்ததே. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறக்கப்பட்ட தேயிலைப் பெட்டிகள் அங்கிருந்து போடி வந்து சேர்ந்த நாள்களில், ஸ்காட்லாந்தின் வாணிபமும் மேற்குத்தொடர்ச்சி மலையின் விளைச்சலும் இவ்வூர்ச் சாலையில் சந்தித்தன எனலாம்.

பிரதேசத்தின் தேவை

போடிநாயக்கனூர் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்திலும், கேரள எல்லையிலுள்ள போடிமெட்டு ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்திலும் அமைந்துள்ளன. ஆயிரம் மீட்டர் ஏறினால் உஷ்ணம் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுவிதியாகையால், அடிவாரத்தில் வியர்வையோடு புறப்பட்டவர் மெட்டை எட்டும்போது குளிர்காற்றையும் மூடுபனியையும் எதிர்கொள்கிறார். தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவை நனைத்துக்கொண்டிருக்க, மழைமறைவிலுள்ள போடி காய்ந்துகிடப்பதும் உண்டு. ஒரே நாளில் இருவேறு சீதோஷ்ணங்களைக் கடக்கும் காலுக்கு, வியர்வையை உறிஞ்சுவதும் ஈரத்திலும் வெம்மை காப்பதுமாகிய உறை வேண்டும். அவ்விரு குணங்களும் ஒருங்கே அமைந்தது கம்பளி.

கம்பளியின் குணம்

ஆட்டு ரோமம், நம் தலைமயிரையும் நகத்தையும் போலவே, கெரட்டின் என்னும் புரதத்தாலானது. ஒவ்வோர் இழையும் இயற்கையாகவே சுருண்டிருப்பதால் நூலினுள் காற்று தங்குகிறது. அக்காற்றே குளிரைத் தடுக்கும் சுவர். தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் ஈரத்தை ஏற்றபின்னும் கம்பளி தொடுவதற்கு நனைந்ததாகத் தோன்றாது. பருத்தியோ நனைந்த மாத்திரத்தில் தோலோடு ஒட்டிக் குளிர்ந்து, தொடர்ந்து நடந்தால் கொப்புளத்துக்கு வழிசெய்யும்.

நம் தென்மாவட்டங்களின் வெம்பூர், கீழக்கரிசல் முதலிய செம்மறி ஜாதிகள் மேனியில் மயிரே உடையவை. காலுறைக்குரிய ரோமம் அவற்றில் கிடைப்பதில்லை. திருச்சிக் கருப்பு ஆட்டின் முரட்டு ரோமம் விரிப்புக்கு ஏற்றது. மெரினோ முதலிய அந்நிய ஜாதிகளை உள்ளூர் ஆட்டோடு கலந்து 19ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய நீலகிரிச் செம்மறி ஒன்றே தமிழ்நாட்டில் மெல்லிய ரோமத்துக்குப் பெயர்பெற்றது. சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையம் அவ்வினத்தைப் பேணிவருகிறது. பின்னலாடை என்றதும் திருப்பூர் நினைவுக்கு வருமாயினும் அவ்வூர் பருத்திக்கே உரியது. கம்பளிப் பின்னலுக்கு இந்தியாவில் முதலிடம் லூதியானாவுக்கே.

நூலும் பின்னலும்

நீண்ட இழைகளைப் பொறுக்கிச் சீவி, ஒரே போக்காக அடுக்கி முறுக்கிய நூல் வழுவழுப்பும் உறுதியும் உடையது. சீவாமல் நூற்றது மெத்தென்றிருப்பினும் விரைவில் நைந்து பிசிறெழும். குதிகாலிலும் விரல்நுனியிலும் தேய்மானம் மிகுதியாகையால் நாலில் ஒரு பங்குக்கு மேற்படாத நைலான் கலப்பு குற்றமாகாது. அது கம்பளியின் ஆயுளை நீட்டும். உறை முழுவதும் செயற்கை இழையாக இருந்து கம்பளியென்று விற்கப்படுமாயின் அது வஞ்சனையே. ஐயம் தோன்றினால் உட்புறத்தில் தொங்கும் ஓர் இழைநுனியைக் கத்தரித்துத் தீயில் காட்டிப் பார்க்கலாம்: மயிர் கருகும் நாற்றத்தோடு சுருங்கித் தானே அணைந்து, விரலில் நசுங்கும் சாம்பலாயின் கம்பளி, உருகிக் கெட்டியான மணியாயின் செயற்கை.

நல்ல உறையின் கால்பகுதி, இரண்டு கண்ணி மேடும் இரண்டு கண்ணி பள்ளமுமாக நெடுக வரிகள் ஓடும் பின்னலால் அமைந்திருக்கும். இவ்வரிகள் விரிந்து சுருங்கும் இயல்பினவாதலால் உறை காலைப் பற்றி நிற்கிறது. மேல்விளிம்பை இரு கைகளாலும் இழுத்துவிட்டால் உடனே பழைய அகலத்துக்கு மீளவேண்டும். தளர்ந்து நிற்பது நாளடைவில் கணுக்காலில் சரியும். ஆடுசதை பருத்தும் கணுக்கால் மெலிந்தும் இருப்பது மனிதக் காலின் இயல்பாகையால், சிறந்த உறையின் பின்புறத்தில் கண்ணிகள் படிப்படியாகக் குறைக்கப்பட்டிருக்கும். மலிவான உறையோ ஒரே அகலக் குழாயாகப் பின்னப்பட்டு, மேலே இறுக்கியும் கீழே சுருங்கியும் துன்புறுத்தும். குதிகாலுக்குத் தனிப்பை திருப்பப்பட்டிருக்கிறதா என்பதையும், விரல்முனை மேடின்றித் தட்டையாக இணைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் உறையை உட்புறம் திருப்பி விரலால் தடவி அறியவேண்டும். மேட்டிலிருந்து இறங்கும்போது உடல் எடை முழுவதும் பாதத்தை முன்தள்ளுமாதலால், கடையில் கண்ணுக்குத் தெரியாத நூல்முடிச்சுகூட மூன்று மைல் சரிவில் முள்ளாகிவிடும்.

அளவு

செருப்பு நம்பரை மட்டும் சொல்லி நெடுங்காலுறை வாங்குவது பெரும்பிழை. எடுக்கவேண்டிய அளவுகள் நான்கு: நின்ற நிலையில் பாதத்தின் நீளம், கணுக்காலின் சுற்றளவு, ஆடுசதை மிகப் பருத்த இடத்தின் சுற்றளவு, தரையிலிருந்து முழங்காலின் கீழ்வரை உயரம். மடிப்புக்கு வேண்டிய மூன்று நான்கு அங்குலம் உயரத்தோடு சேர்த்துக்கொள்ளப்படும். நாள் முழுதும் நடந்த கால் மாலையில் சற்றே வீங்கியிருப்பதால் மாலையில் அளப்பதே முறை. இரு கால்களையும் அளந்து பெரியதையே பிரமாணமாகக் கொள்ளவேண்டும். இழுக்காத நிலையில் உறையின் சுற்றளவு கால் சுற்றளவைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைந்திருப்பது பொருத்தம்: ஆடுசதை 15 அங்குலமாயின் உறை பதின்மூன்றரை அங்குலம். அணிந்தபின் கண்ணிகளினூடே தோல் தெரிந்தால் உறை சிறிது. கணுக்காலில் மடிப்பு விழுந்தால் பெரிது.

ஏலக்காயை 7 மில்லிமீட்டர், 8 மில்லிமீட்டர் என்று சல்லடையிட்டுத் தரம்பிரிக்கும் போடியில், ஒரு மில்லிமீட்டர் விலையையே மாற்றும் என்பதை ஏலத்துக்குப் போய்வந்த எவரும் அறிவர். காய்க்குக் காட்டும் அக்கண்டிப்பைக் காலுக்கும் காட்டுதல் நியாயமேயாம். எல்லாக் காலுக்கும் ஒரே அளவு என்று விற்கப்படும் உறை, சல்லடை காணாத மூட்டைக்கே நிகர்.

அணியும் முறை

மடித்த மேல்விளிம்பு முழங்கால் சில்லுக்கு மூன்று விரற்கடை கீழே நிற்பது கில்ட் உடையின் மரபு. மடிப்பினுள்ளே நாடா ஒன்று உறையைத் தாங்கும். அந்நாடாவில் தொங்கும் வண்ணத் துண்டுகள் மடிப்புக்குக் கீழே வெளிப்புறமாகச் சிறிதளவே தெரியும். வலக்கால் மடிப்பில் சிறு கத்தி செருகப்படும். நாடாவுக்கும் காலுக்கும் இடையே ஒரு விரல் நுழையவேண்டும். அதற்கு மேற்பட்ட இறுக்கம் இரத்த ஓட்டத்தைத் தடுத்துப் பாதத்தை மரக்கச்செய்யும்.

மழைக்காலத்தில் ஏலத்தோட்டத்துக்குள் செல்வோர்க்கு அட்டை தீராத உபத்திரவம். பின்னலின் கண்ணிகள் விரியும் தன்மையனவாதலால் மெலிந்த அட்டை அவற்றினூடே நுழைந்துவிடக்கூடும். கம்பளி உறை தனித்து அதற்குக் காப்பாகாது. நெருங்க நெய்த பருத்தித் துணியால் தைத்த அட்டையுறையைக் கம்பளியின்மேல் அணிந்து, முழங்காலுக்குக் கீழே கட்டி, அக்கட்டின்மேல் கம்பளி விளிம்பை மடித்துவிடுதல் நல்லது. அவ்வாறு செய்தால் கட்டு சதையை அறுப்பதில்லை. மேலேறும் அட்டை துணியின்மேல் கண்ணில் பட்டுவிடும்.

பராமரிப்பு

ரோம இழையின் மேற்புறம் நுண்ணிய செதில்களாலானது; சுடுநீரில் கசக்கினால் அச்செதில்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ள, உறை சுருங்கித் தடித்து மீளாது. ஆகையால் குளிர்ந்த நீரில் பூந்திக்கொட்டைச் சாறோ மென்மையான சோப்போ இட்டு அலசி, முறுக்காமல் துண்டில் சுருட்டி ஈரம் ஒற்றி, நிழலில் கிடத்தி உலர்த்தவேண்டும். விடாமழையில் அடுப்பனலின்மேல் தொங்கவிடும் வழக்கத்தால் கம்பளி முரடாகும். விளிம்பிலுள்ள ரப்பர் இழையும் தளரும். அந்துப்பூச்சியின் புழு கெரட்டினையே உண்பதாகையால், வியர்வைக் கறை போகத் துவைத்து நன்கு உலர்த்தியபின் கற்பூரத்தோடோ வேப்பிலையோடோ மூடிவைத்தல் அவசியம். குதிகால் நையத் தொடங்கும்போதே அதே நிற நூலால் இழையோட்டிவிட்டால் உறை மேலும் பல ஆண்டு உழைக்கும்.

உறை பொருத்தமானதா என்பதற்குக் கடைசிப் பரீட்சை கடையில் நடப்பதன்று. மெட்டிலிருந்து இறங்கி வீட்டுத்திண்ணையில் அமர்ந்து கழற்றும்போது, ஆடுசதையில் பின்னலின் வரிகள் மெல்லிய கோடுகளாகப் பதிந்திருந்து, முகம் கழுவி வருவதற்குள் மறைந்துபோனால், அளந்தவர் கையும் பின்னியவர் கையும் சரியாகவே வேலை செய்திருக்கின்றன என்று அறியலாம்.