வேலியே பயிரை மேய்ந்த கதை – சிறுநீரக அழற்சியும் வெள்ளை அணுக்களும்

சிறுநீரகக் கோளாறு என்றதும் கல், சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் ஆகியவைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால், உடலைக் காக்க வேண்டிய வெள்ளை அணுக்களே சிறுநீரகத்தைச் சிதைக்கும் நோய்களும் உண்டு. இந்த உண்மையைப் புரிந்துகொள்ள மருத்துவ உலகத்துக்கு 150 ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. இவற்றுக்கு 'குளோமெருலஸ்' என்று பெயர். மெல்லிய இரத்தக்குழாய்கள் பந்து போல் சுருண்டு அமைந்தவை இவை. இவற்றில் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர் வடிகிறது. அதில் பெரும்பகுதியை உடல் மீண்டும் உறிஞ்சிக்கொள்கிறது. இந்த வடிகட்டிகள் பழுதானால் புரதமும் இரத்தமும் சிறுநீரில் ஒழுகத் தொடங்கும்.

1827-ல் லண்டன் கய்ஸ் மருத்துவமனையின் மருத்துவர் ரிச்சர்ட் பிரைட் இதைக் கவனித்தார். உடல் வீங்கிய நோயாளிகளின் சிறுநீரைக் கரண்டியில் ஊற்றி மெழுகுவர்த்திச் சுடரில் காட்டினால், முட்டையின் வெள்ளைக்கரு போல் அது உறைந்தது. அவர்கள் இறந்த பின் சோதித்தபோது சிறுநீரகங்கள் கெட்டுப்போயிருந்தன. நோய்க்கு இடம் தெரிந்துவிட்டது. காரணம் தெரியவில்லை.

ஒரு புதிர் மட்டும் மருத்துவர்களை உறுத்தியது. ஸ்கார்லெட் காய்ச்சல் வந்த குழந்தைகளில் சிலருக்கு, காய்ச்சல் விட்டு இரண்டு வாரம் கழித்துச் சிறுநீரகம் வீங்கியது. கிருமி அடங்கிய பிறகு வருகிற நோய்க்குக் கிருமி நேரடிக் காரணமாக இருக்க முடியுமா?

இதற்கிடையில் 1882-ல் இத்தாலியின் மெசினா நகரில், ரஷ்ய விஞ்ஞானி மெச்னிகாஃப் நட்சத்திர மீனின் இளம் உயிரிக்குள் ரோஜா முள்ளைச் செருகினார். மறுநாள் முள்ளைச் சுற்றி அணுக்கள் மொய்த்து நின்றன. உடலைக் காப்பவை இத்தகைய அணுக்களே என்றார் அவர். இல்லை, இரத்த நீரில் உள்ள எதிர்ப்பொருள்களே காக்கின்றன என்றது இன்னொரு அணி. 1908-ல் நோபல் குழு மெச்னிகாஃபுக்கும் எதிரணியின் பால் எர்லிக்குக்கும் பரிசைப் பகிர்ந்தளித்தது.

சிறுநீரக ஆராய்ச்சியில் முதலில் முந்தியது எதிர்ப்பொருள் அணிதான். டிப்தீரியாவுக்குக் குதிரைச் சீரம் ஊசி போட்ட குழந்தைகளில் சிலர், ஒரு வாரத்துக்கு மேல் கழித்து நோயுறுவதை வியன்னாவின் பிர்க்கேயும் ஷிக்கும் 1905-ல் விளக்கினர். வந்த பொருளை எதிர்த்து உடல் காட்டும் வினையே நோயாகிறது என்றனர். ஸ்கார்லெட் காய்ச்சல் புதிருக்கும் இது வழி காட்டியது. 1930களில் ஜப்பானின் மசுகி, எலியின் சிறுநீரகத் திசுவை முயலுக்குள் செலுத்தி, பிறகு அந்த முயலின் சீரத்தை எலிக்குச் செலுத்தினார். கிருமி எதுவும் இல்லாமலே எலிக்குச் சிறுநீரக அழற்சி வந்தது.

ஆனால் எதிர்ப்பொருள் போய் ஒட்டிக்கொண்டால் மட்டும் வடிகட்டி கிழிந்துவிடுமா? 1965-ல் அமெரிக்காவின் காக்ரேன், உனானுவே, டிக்சன் ஆகியோர், நியூட்ரோபில் எனும் வெள்ளை அணுக்களை முன்கூட்டியே நீக்கிய விலங்குகளில் பாதிப்பு வெகுவாகக் குறைவதைக் காட்டினர். அழைப்பு விடுப்பது எதிர்ப்பொருள். வந்து அடித்து நொறுக்குவது அணு. மெச்னிகாஃபின் அணுக்கள் இப்போது குற்றவாளிக் கூண்டில் நின்றன.

1982-ல் ஆஸ்திரேலியாவில் கடும் சிறுநீரக அழற்சி கண்ட சிலரிடம், அவர்களின் சொந்த நியூட்ரோபில்களையே குறிவைக்கும் எதிர்ப்பொருள்கள் இருந்தன. பின்னாளில் இவை 'ஆன்கா' எனப்பட்டன. 1985-ல், அன்று வெக்னர் நோய் எனப்பட்ட இரத்தக்குழாய் அழற்சியோடும் இவை தொடர்புபடுத்தப்பட்டன. இவை ஒட்டியதும் நியூட்ரோபில்கள் வெறிகொண்டு நச்சு நொதிகளைக் கக்குவதை 1990-ல் ஃபால்க், ஜென்னட் குழு சோதனைக்குழாயில் காட்டியது. 2002-ல் இத்தகைய எதிர்ப்பொருளை மட்டும் செலுத்தியே சுண்டெலிகளுக்கு நோய் வரவழைத்தனர். 2005-ல் நியூட்ரோபில்களை நீக்கிய சுண்டெலிகள் தப்பின.

இது வெறும் ஆய்வகச் சண்டை அல்ல. 1958-ல் வெளியான ஒரு கணக்குப்படி, வெக்னர் நோயாளிகளின் சராசரி வாழ்நாள் 5 மாதங்களே. 1983-ல் ஃபௌசியும் சகாக்களும், புற்றுநோய் மருந்தான சைக்ளோஃபாஸ்ஃபமைடையும் ஸ்டீராய்டையும் தந்து 85 பேரில் 79 பேருக்கு நோயை முழுமையாக அடக்கியதாக எழுதினர். ஆனால் காவலர்களை ஒட்டுமொத்தமாகக் கட்டிப்போட்டால் வாசல் திறந்துதானே கிடக்கும்? 1992-ல் 158 நோயாளிகளை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ பாதிப் பேருக்குக் கடும் தொற்றுகள் வந்திருந்தன.

ஆகவே, தவறு செய்யும் காவலரை மட்டும் அடக்கும் வழி தேடப்பட்டது. எதிர்ப்பொருள் உற்பத்திக்கு மூலமான பி அணுக்களைக் குறிவைக்கும் ரிட்டுக்சிமாப், 2011-ல் இந்நோய்க்காக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதிலும் தொற்று அபாயம் உண்டு.

வேலி பயிரை மேய்கிறது என்பதற்காக வேலியையே பிடுங்கி எறிய முடியாது. எதை எவ்வளவு அடக்குவது என்பதுதான் இன்றும் மருத்துவர்கள் முன் நிற்கும் கேள்வி.