வேளாண் ஆராய்ச்சி: ஒரு ரூபாய் செலவுக்கு 13.85 ரூபாய் பலன்

ஹைதராபாத்: வேளாண் ஆராய்ச்சிக்கும் அது சார்ந்த கல்விக்கும் செலவிடப்படும் ஒவ்வொரு ரூபாயும் 13.85 ரூபாய் பலன் தருவதாக மத்திய அரசின் 2023-24 பொருளாதார ஆய்வறிக்கை கூறுகிறது. 2022-23-இல் வேளாண் ஆராய்ச்சிக்குச் செலவிடப்பட்ட தொகை சுமார் 19,650 கோடி ரூபாய்.

இந்தப் பலன் ஆய்வகம் அமைந்த ஊரோடு நின்றுவிடுவதில்லை. ஹைதராபாத் அருகே படான்செருவில் 1972-இல் நிறுவப்பட்ட சர்வதேச ஆராய்ச்சி நிறுவனமான இக்ரிசாட்டின் கம்பு ஆய்வு இதற்குச் சான்று.

ஹரியாணா, ராஜஸ்தான் மாநிலங்களின் வறண்ட பகுதிகளில், குறுகிய காலத்தில் விளையும் 'எச்எச்பி 67' என்னும் வீரிய ஒட்டுக் கம்பு 1990 முதல் பயிரிடப்பட்டது. அடிச்சாம்பல் நோய் அதற்கு அச்சுறுத்தலாக அமைந்தது. இக்ரிசாட், ஹரியாணா வேளாண் பல்கலைக்கழகம் உள்ளிட்டவை இணைந்து, மரபணுக் குறியீடுகளின் துணையுடன் அதன் பெற்றோர் இனங்களில் நோய் எதிர்ப்புத் திறனைச் சேர்த்தன. மேம்படுத்தப்பட்ட ரகம் 2005-இல் வெளியானது.

மானாவாரிப் பகுதிகளில் கம்பு உணவாகவும் கால்நடைத் தீவனமாகவும் பயன்படுவதால், பயிரைக் காப்பது குடும்ப வருமானத்தையும் உள்ளூர்ச் சந்தையையும் காப்பதாகும்.

புதிய ரகம் உருவாகப் பல ஆண்டுகள் தேவை. எனவே, இன்று நிதி குறைந்தால் அதன் இழப்பு உடனே தெரியாது. பிற்காலத்தில் விவசாயியின் வயலில்தான் தெரியவரும்.