எஸ்எம்பிஎஸ்: பிளக் பொருந்தினா போதுமா?

விருத்தாசலத்துல ஒரு பீங்கான் பட்டறைக் கணக்கு இன்னும் பழைய கம்ப்யூட்டர்லயே ஓடுதுன்னு வைங்க. எஸ்எம்பிஎஸ் போயிடுச்சு. புதுசு வாங்கி மாட்டுறோம், பிளக் சரியா உட்காருது. ஆன் பண்ணலாமா? அதுக்கு முன்னாடி கொஞ்சம் வரலாறு.

1984ல் வந்த ஐபிஎம் பிசி ஏடி வழி மெஷின்களில் மதர்போர்டுக்கு ஆறு பின் பிளக் ரெண்டு இருக்கும். இடம் மாத்தி மாட்டினா போர்டு போச்சு. கறுப்பு வயர்கள் நடுவுல சேர்ந்து இருக்கணும், அதுதான் கணக்கு.

1995ல் இன்டெல் ஏடிஎக்ஸ் கொண்டுவந்தது. ஒரே 20 பின் பிளக், ஒரு பக்கமாத்தான் போகும். பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. 90களின் பிற்பகுதியில் டெல் தன் பல மாடல்களில் அதே பிளக்கை வெச்சு, வயர் வரிசையை மட்டும் மாத்தியது. சாதாரண ஏடிஎக்ஸ் மாட்டினா போர்டு கருகும்.

அடுத்து, சுமையே இடம் மாறியது. பென்டியம் 3 காலத்துப் போர்டுகள் பலவும் ப்ராசஸருக்கான கரண்டை 5 வோல்ட்டிலிருந்து எடுத்தன. 2000ல் பென்டியம் 4 வந்தபோது 12 வோல்ட்டுக்குத் தனியா நாலு பின் பிளக் வந்தது. இன்னைக்கு 500 வாட்ஸ்னு போட்டிருந்தாலும் பெரும்பகுதி 12 வோல்ட்டில்தான். பழைய ஐஎஸ்ஏ கார்டுகள் சிலதுக்கு வேண்டிய மைனஸ் 5 வோல்ட், புதுசுல இல்லவே இல்லை.

அதனால பழைய எஸ்எம்பிஎஸ்ஸைத் தூக்கிப் போடாதீங்க. லேபிள்ல 5 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர்னு பாருங்க. வயர் நிறங்களை பின் பின்னா ஒப்பிடுங்க. எஸ்எம்பிஎஸ் இன்னொண்ணு வாங்கிடலாம். அந்த போர்டு கிடைக்கிறதுதான் கஷ்டம்.