முயலைத் தொட்ட கை: காட்டு இறைச்சியும் ஒரு நோயின் வரலாறும்

காட்டோரம் ஒரு முயல் செத்துக் கிடக்கிறது. உடம்பில் இன்னும் சூடு இருக்கிறது. நாற்றம் இல்லை, காயமும் இல்லை. எடுத்துச் சமைக்கலாமா?

வகுப்பில் இப்படிக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "நல்லா வேக வைச்சா பயம் இல்லை, டீச்சர்."

இந்தப் பதில் பாதி சரி. மீதிப் பாதியைக் கண்டுபிடிக்கத்தான் மருத்துவர்களுக்கும் வேட்டைக்காரர்களுக்கும் பல ஆண்டுகள் ஆயின. அந்தத் தேடலின் கதையே இக்கட்டுரை. வரலாற்றுப் பாடத்தில் 'சான்று', 'காரணம்' என்ற இரண்டு சொற்களையும் விளக்க இது நல்ல எடுத்துக்காட்டு.

பழைய அளவுகோல்

நுண்ணோக்கி வருவதற்கு முன்பு மனிதனிடம் இருந்த கருவிகள் கண், மூக்கு, நாக்கு ஆகிய மூன்றுதான். இறைச்சியின் நிறம் மாறியிருக்கிறதா, வாடை வருகிறதா என்று பார்த்தார்கள். சில சமூகங்கள் இன்னும் கடுமையான விதியை வைத்துக்கொண்டன. யூதர்களின் வேதமும் திருக்குர்ஆனும் தானாகச் செத்த விலங்கின் இறைச்சியை உண்ணக் கூடாது என்று தடுக்கின்றன.

ஜப்பானில் 1837ஆம் ஆண்டிலேயே ஹோம்மா சோகென் என்ற மருத்துவர், காட்டு முயலின் இறைச்சியால் வரும் ஒரு நோயைப் பற்றி எழுதி வைத்தார். அவர் அதை உணவு நஞ்சு என்று கருதினார். கவனியுங்கள்: முயலுக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டு என்பது சரியான அவதானிப்பு. ஆனால், சாப்பிட்டதுதான் காரணம் என்பது ஊகம். அவதானிப்பும் ஊகமும் ஒன்றல்ல.

கலிஃபோர்னியாவின் அணில்கள்

1900களின் தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோவில் பிளேக் நோய் பரவியது. எலிகளிடமிருந்து அது தரை அணில்களுக்கும் போய்விட்டது. அணில்களைச் சோதிக்கும் வேலை ஜார்ஜ் மெக்காய் என்ற அரசாங்க மருத்துவரிடம் வந்தது. 1911இல் அவர் ஒரு வேடிக்கையைக் கண்டார். சில அணில்களின் உள்ளுறுப்புகள் பிளேக் வந்தவை போலவே இருந்தன. ஆனால், பிளேக் கிருமி இல்லை. அடுத்த ஆண்டு அவரும் சார்லஸ் சேப்பினும் புதிய கிருமியைப் பிரித்தெடுத்தார்கள். துலாரி என்ற மாவட்டத்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள்.

கதையின் அடுத்த பாத்திரம் எட்வர்ட் பிரான்சிஸ். 1919இல் யூட்டா மாநிலத்தில் விவசாயிகளுக்கு வந்த ஒரு காய்ச்சலை ஆராயப் போனார். ஒருவகை ஈ கடித்ததால் வந்த நோய் என்று ஊர் மக்கள் சொன்னார்கள். அவர் சோதித்துப் பார்த்தபோது, அதே அணில் கிருமி! நோய்க்கு 'துலாரிமியா' என்று பெயர் வைத்தவரும் அவர்தான். பிறகு, வாஷிங்டன் சந்தையில் முயல் விற்பவர்களுக்கு வந்த நோயும் இதுவே என்று தெரிந்தது.

அவர் நோயாளிகளின் பட்டியலைப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். முயலைத் தோலுரித்த வேட்டைக்காரர், சந்தையில் முயலை வெட்டி விற்றவர், அடுப்பங்கரையில் அதைச் சுத்தம் செய்த பெண்கள். விரலில் ஒரு புண், அக்குளில் வீக்கம், கடுமையான காய்ச்சல். சமைத்து மேசையில் வைத்ததைச் சாப்பிட்டவர்களைவிட, சமைப்பதற்கு முன் கையால் தொட்டவர்களுக்கே ஆபத்து அதிகமாக இருந்தது. கையில் கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல் இருந்தாலே கிருமிக்குப் போதும். ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த பிரான்சிஸுக்கும் அவருடைய சக ஊழியர்களுக்கும்கூட இந்த நோய் வந்தது.

புகுஷிமாவில் ஒரு மனைவியின் கை

இதே காலத்தில் பசிபிக் கடலுக்கு அந்தப் பக்கம், ஜப்பானின் புகுஷிமாவில் ஹாச்சிரோ ஒஹாரா என்ற மருத்துவர் இதே புதிரோடு போராடிக்கொண்டிருந்தார். செத்துக் கிடந்த காட்டு முயலை எடுத்துப் போய் அறுத்த கிராமத்தினர், காய்ச்சலும் வீங்கிய நிணநீர்க் கட்டியுமாக அவரிடம் வந்தார்கள். அமெரிக்காவில் நடந்தது எதுவும் அவருக்கு அப்போது தெரியாது.

முயல்தான் காரணம் என்று அவர் சந்தேகப்பட்டார். எப்படி நிரூபிப்பது? 1925இல் அவருடைய மனைவியே சோதனைக்கு முன்வந்தார். நோயால் செத்த முயலின் இதயத்தை எடுத்து அவருடைய புறங்கையில் தேய்த்தார்கள். அவர் அந்த இறைச்சியை வாயில் வைக்கவே இல்லை. சில நாள்களில் காய்ச்சல் வந்தது, அக்குள் வீங்கியது. பிறகு குணமானார்.

ஒஹாரா தம்மிடம் இருந்த மாதிரிகளைப் பிரான்சிஸுக்கு அனுப்பினார். இரண்டு நோயும் ஒன்றே என்று 1926இல் உறுதியானது. 1837இல் தொடங்கிய ஊகத்துக்கு இப்படித்தான் விடை கிடைத்தது: வாய் அல்ல, கை!

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். அந்தப் பெண்ணின் துணிவை நாம் மதிக்கிறோம். ஆனால், அன்று இந்த நோய்க்கு மருந்து கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது 1940களில்தான். கணவரே மருத்துவர், கணவரே ஆய்வாளர் என்ற நிலையில் "நான் வருகிறேன்" என்று சொன்னது எந்த அளவு சுதந்திரமான முடிவு? இன்று எந்த மருத்துவ நெறிக் குழுவும் இதற்கு ஒப்புதல் தராது.

வேட்டைக்காரர்கள் கற்றுக்கொண்டவை

அமெரிக்காவில் இந்நோய் உச்சத்தைத் தொட்டது 1939இல். அந்த ஓர் ஆண்டில் மட்டும் 2,291 பேருக்கு நோய் பதிவானது. அனுபவமும் ஆராய்ச்சியும் சேர்ந்து சில விதிகளைத் தந்தன.

முதல் விதி, சுலபமாகப் பிடிபடும் முயலை நம்பாதே. நல்ல முயல் ஆளைக் கண்டால் பறந்து ஓடும். ஓடாமல் மந்தமாக நிற்கும் முயல் நோயுள்ள முயலாக இருக்கலாம். அடிபட்டுக் கிடக்கும் விலங்கையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். அடிபட்டதால் ஓடவில்லையா, ஏற்கெனவே நோய் இருந்ததால் ஓட முடியாமல் அடிபட்டதா? வெளியில் தெரியும் காயம் உள்ளே இருக்கும் நோயை மறைத்துவிடலாம்.

இரண்டாவது, கையுறை போட்டுக்கொண்டு அறு. மூன்றாவது, கல்லீரலிலும் மண்ணீரலிலும் சிறுசிறு வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் அந்த இறைச்சியை விட்டுவிடு. புள்ளி இல்லை என்பதால் நோய் இல்லை என்றும் சொல்ல முடியாது. நான்காவது, உறையவைத்தால் கிருமி செத்துவிடும் என்று நினைக்காதே. உள்வரை நன்றாக வெந்தால்தான் சாகும்.

நம் வீட்டு வாசலில்

முயல் கதை எங்கோ நடந்தது என்று நினைக்க வேண்டாம். 1998 செப்டம்பரில் ஈப்போ வட்டாரத்தில் மூளைக் காய்ச்சல் பரவத் தொடங்கியது. முதலில் கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று நினைத்தார்கள். கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனால், அந்தக் காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைத் தாக்குவது. இங்கே விழுந்தவர்களோ பன்றிப் பண்ணைகளில் வேலை செய்த பெரியவர்கள்.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங் புதிய வைரஸைக் கண்டுபிடித்தார். சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரால் அது நிப்பா ஆனது. மலேசியாவில் 265 பேருக்கு நோய். 105 பேர் இறந்தார்கள். சிங்கப்பூரில் நோயுற்ற 11 பேரும் இறைச்சிக் கூடத் தொழிலாளர்கள். அவர்களில் ஒருவர் இறந்தார். அந்த இறைச்சியைச் சமைத்துச் சாப்பிட்டவர்கள் அல்ல, உயிரோடு வந்த பன்றிகளைக் கையாண்டவர்கள். வாஷிங்டன் சந்தையிலும் புகுஷிமாவிலும் கண்ட அதே பாடம்.

முடிவுரை

"இந்த இறைச்சியைச் சாப்பிடலாமா?" என்று கேட்பவர் தட்டுக்கு முன் உட்கார்ந்திருப்பவர். அதற்கு முன்பே விலங்கைத் தூக்கியவர், தோலுரித்தவர், வெட்டியவர், கழுவியவர் எல்லாரும் இருக்கிறார்கள். ஆபத்து முதலில் அவர்களைத்தான் தொடுகிறது. நம்மில் பலருடைய குடும்பங்களில் அந்த வேலையைச் செய்தவர்கள் இருந்திருப்பார்கள். ஆகவே "நல்லா வேக வைச்சா பயம் இல்லை" என்று சொல்லும் மாணவரிடம் திருப்பிக் கேளுங்கள்: "யாருக்குப் பயம் இல்லை?"

மாணவர் சிந்தனைக்கு

1. ஹோம்மா சோகெனின் அவதானிப்பு எது? ஊகம் எது? பிரித்து எழுதுக.
2. நிப்பா நோயில், 'கொசுவே காரணம்' என்ற கருத்தைச் சந்தேகிக்க வைத்த சான்று யாது?
3. ஒஹாராவின் சோதனை அறிவியலுக்கு உதவியது. ஆனால், நெறிப்படி சரியா? இரு பக்கக் கருத்துகளையும் எழுதி உன் முடிவைக் கூறுக.