நெடிய ஆட்சியும் நிலைத்த புகழும்

இங்கிலாந்தின் அரியணையில் அமர்ந்தோர் பலருள்ளும் நம்மவர் நாவில் இன்றளவும் நிலவும் பெயர்கள் பெண்பாலாருடையனவே. முதலாம் எலிசபெத் 44 ஆண்டுகளும் (1558-1603), விக்டோரியா 63 ஆண்டுகளும் (1837-1901), இரண்டாம் எலிசபெத் 70 ஆண்டுகளும் (1952-2022) முடிசூடியிருந்தனர். நெடுங்காலம் ஆண்டமையே புகழுக்குக் காரணம் எனில், 1760 முதல் 1820 வரை ஆண்ட மூன்றாம் ஜார்ஜ் மன்னரையும் உலகம் போற்றியிருக்க வேண்டும். அவரையோ அமெரிக்காவை இழந்தவர் என்றே நினைவு கூர்கின்றனர். எனவே, இவ்வரசியார் இல்லாதிருந்தால் எவை நடவாது போயிருக்கும் என்று வினவிப் பார்ப்பதே முறையாகும்.

எலிசபெத் பட்டமேறிய போது அவருக்கு வயது 25. தமக்கையார் மேரியின் ஐந்தாண்டு ஆட்சியில் சமயத்தின் பொருட்டு ஏறத்தாழ 280 பேர் உயிரோடு எரிக்கப்பட்டிருந்தனர். கலே துறைமுகமும் அவ்வாண்டின் தொடக்கத்திற்றான் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. 1559-இல் எலிசபெத் வகுத்த சமய ஏற்பாடு இரு சாராரில் எவரையும் முழுதும் மகிழ்விக்கவில்லை. எனினும் நாட்டைப் பிளவுறாது காத்தது. அடுத்திருந்த பிரான்சு 1562 முதல் 1598 வரை சமயப் போரிலே குருதி சிந்தியதை நோக்குவார்க்கு இதன் அருமை விளங்கும். மேலும், ஸ்பெயின் மன்னர் பிலிப்பு முதலாக அரசர் பலர் அவரை மணக்க விரும்பினர். வந்தவரை உடனே மறுக்காமலும், எவரையும் ஏற்காமலும் அவர் ஆண்டுகள் பலவற்றைக் கடத்தினார். அமைச்சர்க்கு அது பெரும் எரிச்சல். ஆயினும் அயல்நாட்டரசர் எவரும் அந்நாட்டின் மீது உரிமை கொண்டாட வழியில்லாது போயிற்று. இது அவரது சொந்த அறிவின் விளைவே.

ஆயினும் அவர் புகழில் இரவல் நகைகளும் உண்டு. 1588-இல் ஸ்பானியப் பெருங்கடற்படை சிதைந்ததில் மாலுமிகளின் வீரத்தோடு புயற்காற்றிற்கும் பங்குண்டு. அம்மாலுமிகளோ, வெற்றிக்குப் பின் நோயுற்று மடிந்தனர். பலர்க்குச் சேரவேண்டிய சம்பளமும் சேரவில்லை. ஷேக்ஸ்பியரின் 'லியர் மன்னன்', 'மாக்பெத்' ஆகிய நாடகங்களை எலிசபெத் காலத்துச் செல்வமென்பார் உளர். அவை அடுத்து வந்த ஜேம்சு மன்னர் காலத்தில் எழுந்தவை. 1564-இல் ஹாக்கின்சு என்பார் அடிமை வாணிகத்திற்குப் புறப்பட்ட போது அவருக்குக் கப்பல் கொடுத்துதவியவரும் இவ்வரசியாரே. இனி, கோப்பு எழுதிப் பிழைக்கும் என் போன்றோர் மறக்கவொண்ணாத செய்தியொன்று உண்டு. 1587-இல் ஸ்காட்லாந்து நாட்டு மேரியின் மரண ஆணையில் எலிசபெத் தம் கைப்படவே ஒப்பமிட்டார். தலை விழுந்த பின், அவ்வாணையைத் தம் விருப்பமின்றி அனுப்பிவிட்டதாகக் கூறி, டேவிசன் என்னும் செயலரைச் சிறையிலிட்டார்! கையொப்பம் மேலிடத்தது, தண்டனை எழுத்தர்க்கு.

விக்டோரியா மகாராணியாரின் நிலை வேறு. அவர் காலத்தில் நாட்டை ஆண்டோர் அமைச்சரும் பாராளுமன்றத்தாருமே. இருப்புப்பாதையும் தந்தியும் அவர் ஆணையால் வந்தவையல்ல. கணவர் ஆல்பர்ட்டு 1861-இல் மறைந்தபின் பல்லாண்டுகள் மக்கள் முன் தோன்றாதிருந்தார். அரண்மனை வாடகைக்கு விடப்படும் என்று கேலியாக எழுதி அதன் வேலியில் ஒட்டினர் குறும்பர். எனினும் நம் நாட்டைப் பொறுத்தவரை அவர் தாமே செய்த செயலொன்று உண்டு. 1858 நவம்பர் முதல் நாள் வெளியான பேரறிக்கையின் முதல் வரைவு கடுமையாக இருந்ததென்று அதைத் திருப்பியனுப்பி, கருணையும் சமயப் பொறையும் விளங்குமாறு எழுதச் செய்தார். அவரை 'மகராசி' என்று நம் முன்னோர் கூறியதற்கு அவ்வறிக்கையும் ஒரு காரணம்.

ஆனால் அவரே விரும்பிப் பெற்ற 'இந்தியப் பேரரசி' என்னும் பட்டம் 1877 சனவரி முதல் நாள் தில்லித் தர்பாரில் முழங்கிய போது தமிழகம் எவ்வாறிருந்தது? தாது வருடப் பஞ்சம் தலைவிரித்தாடியது. தில்லியில் அரசர்கள் யானை மீது பவனி வர, சென்னை மாகாணத்து ஊர்களில் மக்கள் இலையும் கிழங்கும் தின்று மடிந்தனர். வைசிராய் லிட்டன் தானிய ஏற்றுமதியைத் தடுக்க மறுத்தார். பஞ்ச வேலை செய்தவர்க்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவுமே போதுமென்றார் அவர் அனுப்பிய டெம்பிள் துரை. அது உயிர் தாங்கப் போதாதென்று சென்னைச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடி, 1877-இல் படியை உயர்த்தச் செய்தார். இரண்டாண்டுகளில் நாடெங்கும் 50 இலட்சத்திற்கு மேற்பட்டோர் இறந்தனர் என்பது கணக்கு.

பத்தாண்டு கழிந்து 1887-இல் பொன்விழா வந்தது. பம்பாயில் பெரும் புகைவண்டி நிலையத்திற்கு மகாராணியின் பெயரே இடப்பட்டது. 1996-இல் அது சத்திரபதி சிவாஜி பெயர் பெற்றும், பழைய பிரயாணிகள் வாயில் இன்னும் 'வி.டி.' தான். விடுமுறைக்கு ஊர் சென்று சென்னை சென்ட்ரலில் இறங்கும் நம் குடும்பத்தார் அருகே காணும் செந்நிற விக்டோரியா பப்ளிக் ஹாலும் அப்பொன்விழாவின் நினைவே. கார்னிஷ் பெயரை அறிவார் நம்முள் எத்தனை பேர்? என் மதிப்பில், எலிசபெத்தின் புகழில் பெரும்பகுதி அவர் ஈட்டியது. விக்டோரியாவின் புகழில் பெரும்பகுதி அவர் காலத்தார் ஈட்டி அவர் கணக்கில் வரவு வைத்தது.

இரண்டாம் எலிசபெத்தைப் பற்றி மிகுதியாகக் கூறுதற்கில்லை. அமைச்சர் எழுதித் தந்ததைப் படிப்பதும், தம் கருத்தை வெளியிடாதிருப்பதும் அவர் கடமையாயிருந்தன. அதனை 70 ஆண்டுகள் வழுவாது செய்தமை சிறிதன்று. 1997-இல் அமிர்தசரசு ஜாலியன்வாலா பாகில் மலர் வளையம் வைத்துத் தலை வணங்கி நின்றார். மன்னிப்பு என்னும் சொல் மட்டும் வரவில்லை. அச்சொல்லைச் சொல்லும் உரிமை அரசியாருக்கு இருந்ததா, அன்றி அமைச்சரவைக்கே உரியதா என்பது அந்நாட்டு அரசியல் முறையை அறிந்தோர் வாதிடற்குரியது.