கடற்கொள்ளையன் குரல் பிறந்த கதை

கடற்கொள்ளையன் எப்படிப் பேசுவான் என்று ஆங்கிலம் பேசும் ஊர்களில் ஒரு குழந்தையைக் கேட்டுப் பாருங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு "ஆர்ர்ர்" என்று இழுக்கும். கப்பல்களிலிருந்தே வந்த பழங்காலக் குரல் என்றுதான் நானும் வெகுநாள் நம்பியிருந்தேன். ஆனால் அது நம் காதில் இப்படி நிலைத்ததற்குக் காரணம் 1950-இல் வந்த ஒரு சினிமா.

ஸ்டீவன்சனின் கடற்கொள்ளையர் நாவலான 'ட்ரெஷர் ஐலண்ட்' 1883-இல் புத்தகமாக வந்தது. மௌனப்பட காலத்திலிருந்தே அதைப் படமாக்கி வந்தார்கள். 1934-இல் வாலஸ் பீரி நடித்த படம் நன்றாகவே இருக்கும். ஆனால் அந்தக் கதைக்குக் குரல் கொடுத்தது டிஸ்னியின் 1950 படம்தான்.

அதற்கு வழிவிட்டது முடங்கிக் கிடந்த பணம். போருக்குப் பின் டாலர் தட்டுப்பாட்டில் தவித்த பிரிட்டன், அமெரிக்க சினிமா கம்பெனிகள் அங்கே சம்பாதித்ததை முழுதாக வெளியே கொண்டுபோக விடவில்லை. அங்கேயே செலவழிக்கலாம். டிஸ்னி அந்தப் பணத்தில், கார்ட்டூன் கலக்காத தன் முதல் முழுநீளப் படத்தை இங்கிலாந்தில் எடுத்தார். அதனால் கதையின் ஒற்றைக்கால் கடற்கொள்ளையன் ஜான் சில்வராக நடிக்க வந்தவர் ராபர்ட் நியூட்டன் என்ற ஆங்கில நடிகர்.

நியூட்டன் டார்செட்டில் பிறந்து கார்ன்வாலில் வளர்ந்தவர். நாவலில் சில்வர் சாராயக்கடை நடத்தும் பிரிஸ்டலும் அதே மேற்குப் பக்கம்தான். சில்வருக்குத் தன் ஊர்ப் பேச்சையே கொடுத்தார் நியூட்டன். அந்தப் பக்கத்துக் கிராமங்களில் 'ஆர்' என்றால் 'ஆமாம்' என்று பொருள். குடியானவர் வாயில் சாதாரணமாகப் புழங்கும் சொல். அதிலுள்ள எழுத்து நம் 'ர' அல்ல. நாக்கை உள்ளே மடித்து, எதையும் தொடாமல் விடும் ஒலி அது. ஏறக்குறைய நம் 'ழ'. "ஆழ்" என்று இழுத்துச் சொல்லிப் பாருங்கள், சில்வர் வந்துவிடுவான்!

படப்பிடிப்பு சுலபமாக நடக்கவில்லை. சிறுவன் ஜிம்மாக நடித்த பாபி டிரிஸ்கால் அமெரிக்கப் பையன். அவனுக்கு முறையான வேலை அனுமதி இல்லை என்று வழக்காகி, அபராதமும் விழுந்தது. மேல்முறையீட்டுக்குக் கிடைத்த அவகாசத்தில் இயக்குநர் பைரன் ஹாஸ்கின் அவனுடைய குளோசப்புகளை அவசர அவசரமாக எடுத்து முடித்தார். மீதி இடங்களில் வேறொரு பையனை நிற்க வைத்தார்கள்.

நாவலின் சில்வர் ஒரு துறைமுகத்தில் ஒரு பை காசோடு நழுவிவிடுவான். ஜிம் அதைப் பார்க்க மாட்டான். படத்தில் அவன் தப்பும் படகு மணலில் தட்டி நிற்கிறது. ஜிம்மை நோக்கித் துப்பாக்கியை நீட்டுகிறான், சுட மனம் வரவில்லை. ஒற்றைக்காலோடு படகைத் தள்ளித் திணறுகிறான். கடைசியில் அந்தப் பையனே வந்து தள்ளிவிடுகிறான். மிரட்டலும் பாசமும் ஒரே தொண்டையில் மாறி மாறி வருவதை இந்தக் காட்சியில் கேட்க வேண்டும். மற்ற சில்வர்கள் யாரும் என்னை இப்படிக் கலங்க வைத்ததில்லை.

நியூட்டன் 1952-இல் 'பிளாக்பியர்ட்' என்ற இன்னொரு கடற்கொள்ளையனாக நடித்தார். அடுத்து ஆஸ்திரேலியாவுக்குப் போய் மறுபடி சில்வராக ஒரு படமும் 26 பகுதிகள் கொண்ட தொலைக்காட்சித் தொடரும் நடித்தார். 1956-இல், ஐம்பது வயதில், இறந்துபோனார். இன்று செப்டம்பர் 19-ஆம் தேதியைக் கடற்கொள்ளையர் போலப் பேசும் நாளாகக் கொண்டாடுகிறார்கள். அன்றைக்கு ஊரெல்லாம் கேட்பது அந்தக் கார்ன்வால் பிள்ளையின் குரல்தான்.